போர்வெல் களியில் பழைய கடற்கரை: கேள்வி பதில்

சீர்காழியிலிருந்து: 40 அடியில் கருங்களியும் கிளிஞ்சலும் வந்தன. அங்கே கடல் இருந்ததா சார்?

கிளிஞ்சல் உப்பங்கழியிலும் கிடக்கும். களிக்குள் இருக்கும் ஃபோராமினிஃபெராவைப் பாருங்கள். ஒற்றைச் செல் உயிர்கள். ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள். நத்தை போலச் சுருண்ட அம்மோனியா (வாயு அல்ல, உயிரியின் பெயர்) உப்பு ஏறி இறங்குவதைத் தாங்கும். அதுவே மிகுந்து, மற்றவை அருகியிருந்தால் ஆற்று முகம் அல்லது உப்பங்கழி. பீங்கான் வெள்ளையில் க்வின்க்வெலாகுலினா என்ற வகையும் நிறைய இருந்தால், கடலளவு உப்புள்ள ஆழமற்ற நீர். மணல் துகள்களை ஒட்டி ஓடு கட்டும் ட்ரோகமினா, மிலியம்மினா என்றால் அலையாத்திச் சேறு. முத்துப்பேட்டைச் சேற்றையும் எடுத்து ஒப்பிடுங்கள். திராட்சைக் கொத்து போன்ற குளோபிஜெரினா திறந்த கடலில் மிதப்பது. ஒன்றிரண்டை அலையே கரைக்குக் கொண்டுவரும், அதை நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

முதலில் உங்கள் களியே 40 அடியில் இருந்ததுதானா? தண்ணீர் விட்டுத் துளைத்தால் மேல் மண் சரிந்து கலந்துவிடும். உடையாத கட்டியாக எடுத்து, வெளிப்புறத்தை ஒரு சென்டிமீட்டர் சுரண்டிவிட்டு உள்களியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: வீட்டில் கழுவிப் பார்க்க முடியுமா? வேட்டித் துணி போதுமா?

துணி வேண்டாம். ஓடுகள் இழைக்குள் சிக்கி அடுத்த மாதிரிக்குப் போய்ச் சேரும். 63 மைக்ரான் சல்லடை வாங்குங்கள். உலர்ந்த களி 50 கிராம் எடை போட்டு, ஒரு டீஸ்பூன் சலவைச் சோடா கலந்த நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மெல்லிய நீரோட்டத்தில் சலியுங்கள், விரலால் தேய்த்தால் ஓடு நொறுங்கும். அழுக்குப் போக வினிகரோ எலுமிச்சையோ ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்பு ஓடு கரைந்தே போகும். தேங்கியதை நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியில் ஈரத் தூரிகை நுனியால் பொறுக்குங்கள். சுமார் 300 ஓடு எண்ணினால் விகிதத்தை நம்பலாம். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் முக்குங்கள். அடுத்ததில் நீல ஓடு தெரிந்தால் அது பழைய மிச்சம்.

வேதாரண்யத்திலிருந்து: கருஞ்சேற்றில் ஓடே இல்லை. கடல் வரவில்லை என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும். காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகி ஓட்டைத் தின்றுவிடும். மாதிரியை எடுத்த அன்றே கழுவுங்கள். மணலோட்டு வகைகள் மட்டும் மிஞ்சியிருந்தாலும் கரைந்ததாகச் சந்தேகப்படுங்கள்.

திருமானூரிலிருந்து: கொள்ளிடக் கரை மணலில் இரட்டை விளிம்புள்ள தட்டை ஓடு கிடைத்தது.

வர்ணனை குளோபோட்ரங்கானா என்ற ஃபோராமினிஃபெராவுக்குப் பொருந்துகிறது. அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்த, கிரெட்டேசியஸ் என்ற டைனோசர் காலத்து உயிர். அரியலூர்ப் பாறைகளிலிருந்து அரித்து வந்திருக்கும். தேய்ந்தும் நிறம் மங்கியும் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: உள்நாட்டில் கடல் ஓடு கிடைத்தால் கடல் மட்டம் உயர்ந்தது என்றுதானே பொருள்?

இல்லை. ஆறு வண்டலைக் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளினாலும் பழைய கடலடி உள்நாட்டில் மாட்டிக்கொள்ளும். களி அமுங்கியும் கீழே போயிருக்கும். அடுக்கின் உயரத்தை இன்றைய கடல் மட்டத்திலிருந்து அளந்த பிறகே பேச வேண்டும். கார்பன் தேதி எடுத்தால் ஒன்று: கடல் ஓடு உள்ளதைவிடச் சுமார் 400 ஆண்டு பழையதாகக் காட்டும், திருத்திக்கொள்ளுங்கள்.