அழித்தாலும் திரும்பி வரும் செக் எஞ்சின் விளக்கு: எங்கிருந்து தேடுவது?

தர்மபுரியில் ஓடும் உங்கள் சிறிய பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0171 என்ற பழுதுக் குறியீடு வருகிறது, ஸ்கேனரில் அழித்தாலும் சில நாளில் திரும்புகிறது, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே மாற்றிவிடாதீர்கள். அந்தக் குறியீட்டுக்குப் பொருள் சென்சார் கெட்டுவிட்டது என்பதல்ல. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதுதான். பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

அடுத்த முறை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலைப் படம் எடுத்து வையுங்கள். விளக்கு எரிந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

பிறகு ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், அதாவது கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை. இதுதான் முக்கியம். எஞ்சின் சூடானபின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 20 சதவீதத்தைத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் நன்றாக இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது: விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ் (ரப்பர் குழாய்), எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட். மாறாக, சேலத்திலிருந்து தொப்பூர் மலைப்பாதை ஏறும்போது ட்ரிம் உயர்ந்தால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். வண்டி ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் இதே குறியீடு வரலாம்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும், உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள்.