முடுக்கம் மைனஸில் வந்தால் துகள் மெதுவாகிறதா?

கேள்வி: நேர்க்கோட்டில் நகரும் ஒரு துகளின் நிலை 2டி³ − 15டி² + 24டி மீட்டர் (டி என்பது நேரம், வினாடியில்). டி = 2 ஆகும்போது திசைவேகமும் முடுக்கமும் என்ன? நான் 2 போட்டேன், 4 வந்தது, அதை வகையிட்டால் (அதாவது நேரத்தோடு மாறும் வீதத்தைக் கண்டால்) பூஜ்யம்தான் வருகிறது. விடையில் −12, −6 என்று இருக்கிறது. முடுக்கம் மைனஸ் என்றால் வேகம் குறைகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: எண்ணை முன்கூட்டியே போட்டுவிட்டீர்கள், பிசகு அங்கேதான். 4 என்பது அந்தக் கணத்தில் துகள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், எந்தப் பக்கம் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பது அதில் இல்லை. மாறிலியை வகையிட்டால் பூஜ்யம்தானே வரும்? முதலில் வகையிடுங்கள், எண்ணைக் கடைசியில் போடுங்கள்.

ஒருமுறை வகையிட்டால் திசைவேகம்: 6டி² − 30டி + 24. அதையே மறுபடி வகையிட்டால் முடுக்கம்: 12டி − 30. இப்போது 2 போட்டால் வினாடிக்கு −12 மீட்டர், முடுக்கம் −6, சரியாக வந்துவிடும்.

இந்த −12 வெறும் சூத்திர வித்தை இல்லை, கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். டி = 2-இல் நிலை 4, டி = 2.1-இல் 2.772, வித்தியாசத்தை 0.1-ஆல் வகுத்தால் −12.28. இடைவெளியை 0.01 ஆக்கினால் ஏறத்தாழ −12.03. இடைவெளி சுருங்கச் சுருங்க எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் வகைக்கெழு.

சரி, இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம், நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். முடுக்கம் மைனஸ் என்பதாலேயே துகள் மெதுவாகிறது என்று சொல்ல முடியாது, திசைவேகத்தின் குறியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டி = 2-இல் இரண்டுமே மைனஸ், அதாவது துகள் பின்பக்கமாகப் போகிறது, முடுக்கமும் அதே பக்கம்தான் இழுக்கிறது, அதனால் வேகம் கூடிக்கொண்டே போகிறது. டி = 2.1-இல் திசைவேகம் −12.54, பாருங்கள், குறியை விட்டுப் பார்த்தால் வேகம் 12-லிருந்து ஏறியிருக்கிறது! டி = 3-இல் திசைவேகம் அதே −12, ஆனால் முடுக்கம் +6, குறிகள் எதிரெதிர், அங்கேதான் துகள் மெதுவாகிறது. ஒரே குறி என்றால் வேகம் கூடும், எதிர்க்குறி என்றால் குறையும்.

அப்புறம், இதே கணக்கில் அடுத்துக் கேட்கக்கூடியது, முதல் 5 வினாடியில் கடந்த தொலைவு. டி = 0-இல் நிலை 0, டி = 5-இல் −5, உடனே 5 மீட்டர் என்று எழுதிவிடாதீர்கள், அது இடப்பெயர்ச்சியின் (தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தின்) அளவு மட்டுமே. திசைவேகத்தைக் காரணிப்படுத்தினால் 6(டி − 1)(டி − 4), ஆக 1-இலும் 4-இலும் துகள் ஒரு கணம் நின்று திரும்புகிறது (நின்றாலும் டி = 1-இல் முடுக்கம் −18, பூஜ்யம் இல்லை, அதனால்தான் அங்கேயே நிற்காமல் திரும்புகிறது). அந்த இடங்களில் நிலை 11, −16. அதனால் முதலில் 11, பிறகு பின்னால் 27, மறுபடி முன்னால் 11, மொத்தம் 49 மீட்டர்.