அபு சயாஃப் குழு எப்படித் தோன்றியது? அது ஏன் ஆள்கடத்தல் கும்பல் எனப் பெயரெடுத்தது?

தெற்கு பிலிப்பைன்ஸில் மோரோ எனப்படும் முஸ்லிம்களுக்குத் தனிநாடு கேட்டு ஆயுதமேந்திய மோரோ தேசிய விடுதலை முன்னணி, 1976 திரிபோலி ஒப்பந்தத்தில் தன்னாட்சியோடு நிறைவடைய இசைந்தது. அந்தச் சமரசத்தை ஏற்காதவர்களைத் திரட்டி, லிபியாவிலும் சவூதியிலும் பயின்று திரும்பிய அப்துராஜக் ஜஞ்சலானி, 1990களின் தொடக்கத்தில் பசிலான் தீவில் இக்குழுவை அமைத்தார். 1998 டிசம்பரில் காவல்துறையுடனான மோதலில் அவர் கொல்லப்பட்டதே திருப்புமுனை என்பது என் கணிப்பு. தம்பி கடாஃபி தலைமைக்கு வந்தாலும் கொள்கைப் பிடிப்பு தளர்ந்து, பணமே குறியாயிற்று.

2000 ஏப்ரலில், மலேசியாவின் சிபடான் தீவு விடுதியிலிருந்து சுற்றுலாப் பயணிகளும் ஊழியர்களுமாக 21 பேரைப் படகில் பிலிப்பைன்ஸின் ஹோலோ தீவுக்குக் கடத்திச் சென்றார்கள். லிபியாவின் தரகில் பெருந்தொகை கைமாறியது. அந்தப் பணம் புதிய ஆயுதங்களையும் ஆட்களையும் கொண்டுவந்தது என்பதுதான் வேதனை. 2004 பிப்ரவரியில், மணிலா விரிகுடாவில் சூப்பர்ஃபெர்ரி 14 கப்பலில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மறைத்து ஏற்றப்பட்ட குண்டு வெடித்து 116 பேர் மாண்டனர்.

2006இல் கடாஃபியும் கொல்லப்பட்டார். 2014இல் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் அறிவித்த, இக்குழுவின் தலைவர்களில் ஒருவரான இஸ்னிலோன் ஹபிலோன், தெற்கு பிலிப்பைன்ஸின் மராவி நகரை ஐந்து மாதம் போர்க்களமாக்கிய முற்றுகையின் முடிவில், 2017 அக்டோபரில் ராணுவத்தால் சுட்டுக்கொல்லப்பட்டார்.