மூன்று மாதம் கழித்துக் கடன்: எஃப்.ஆர்.ஏ.வா, ஃபியூச்சர்ஸா?

கேள்வி: எங்கள் நிறுவனம் மார்ச் மூன்றாம் வாரத்தில் 1 கோடி யூரோ கடன் வாங்கப்போகிறது. ஆறு மாதக் கடன். அன்றைய ஆறு மாத யூரிபோர் (யூரோவில் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் அடிப்படை வட்டி), அதற்கு மேல் வங்கியின் மார்ஜின் (வங்கி தன் பங்குக்குச் சேர்க்கும் கூடுதல் சதவீதம்) என்பது வட்டிக் கணக்கு. அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இடையில் வட்டி ஏறிவிடுமோ என்று பயம். வங்கி 3.20 சதவீதத்துக்கு எஃப்.ஆர்.ஏ. (ஃபார்வர்டு ரேட் அக்ரிமென்ட், பின்னால் வரும் கடனின் வட்டியை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம்) தருகிறேன் என்கிறது. ஆனால் இன்றைய மூன்று மாத வட்டியே 2.80 சதவீதம்தான். ஃபியூச்சர்ஸ் (எக்ஸ்சேஞ்சில் விற்கும் முன்பேர ஒப்பந்தம்) இன்னும் மலிவு என்கிறார் எங்கள் கணக்காளர். எதை எடுப்பது?

பதில்: முதலில் அந்த 3.20 சதவீதத்தைப் பார்ப்போம். இன்றைய வட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வங்கியின் கமிஷன் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை. ஒன்பது மாதத்துக்கான வட்டி 3.08 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி இன்றே 273 நாளுக்குக் கடன் வாங்கி, முதல் 91 நாளுக்கு அந்தப் பணத்தை 2.80 சதவீதத்தில் வெளியே கொடுக்கிறது. மீதி 182 நாளுக்கு அதற்கு அடங்கும் வட்டி என்ன? 1.02336-ஐ 1.00708-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 360/182-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3.20 சதவீதம் வருகிறது. வங்கி இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. அதன் லாபம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒளிந்திருக்கும். ஆகவே இரண்டு விலையையும் கேட்டு வாங்குங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வட்டி ஏறும் என்ற சந்தையின் எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது. மார்ச்சில் ஆறு மாத யூரிபோர் 3.10-ஆக நின்றால், நீங்கள் பயந்தபடி வட்டி ஏறியிருந்தாலும் எஃப்.ஆர்.ஏ.வில் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். 3.20-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு வரவு.

எஃப்.ஆர்.ஏ.வில் அசல் கை மாறுவதே இல்லை, வட்டி வித்தியாசம் மட்டும்தான் மாறும். உங்களுக்குத் தேவையானதைச் சந்தையில் 3×9 என்பார்கள்: இன்றிலிருந்து மூன்றாம் மாதம் தொடங்கி ஒன்பதாம் மாதம் முடிவது. கடன் வாங்குபவர் இதை ‘வாங்க’ வேண்டும். மார்ச்சில் யூரிபோர் 4.00 சதவீதம் என்றால், வித்தியாசமான 0.80 சதவீதத்துக்கு 1 கோடி யூரோவின் மேல் 182 நாளுக்கு 40,444 யூரோ வரவு. ஆனால் இந்தத் தொகை காலத்தின் தொடக்கத்திலேயே தீர்க்கப்படுவதால், அன்றைய 4 சதவீத வட்டியில் தள்ளுபடி செய்து 39,643 யூரோதான் தருவார்கள். ‘குறைத்துவிட்டார்கள்’ என்று பதற வேண்டாம். அதை ஆறு மாதம் அதே வட்டியில் போட்டு வைத்தால் 40,444 ஆகிவிடும். கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி 2,02,222; அதில் இதைக் கழித்தால் 1,61,778. அதாவது, சரியாக 3.20 சதவீதம். யூரிபோர் 2.50-க்கு இறங்கினால் கதை தலைகீழ்: நீங்கள் 34,947 யூரோ கட்டுவீர்கள், கடன் வட்டி அதற்கு ஈடாகக் குறைந்திருக்கும்.

வங்கியின் மார்ஜினை இது பூட்டாது. மார்ச்சுக்குள் உங்கள் நிறுவனத்தின் கடன் தரம் சரிந்து வங்கி மார்ஜினை உயர்த்தினால், அதற்கு எஃப்.ஆர்.ஏ.விடம் பதில் கிடையாது.

சரி, ஃபியூச்சர்ஸ். மூன்று மாத யூரிபோர் ஃபியூச்சர்ஸின் விலை என்பது நூறிலிருந்து வட்டியைக் கழித்தது, 96.80 என்றால் 3.20 சதவீதம். வட்டி ஏறினால் விலை இறங்கும். ஆகவே கடன் வாங்குபவர் இங்கே ‘விற்க’ வேண்டும். எஃப்.ஆர்.ஏ.வில் வாங்கிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது.

எத்தனை கான்ட்ராக்ட்? ஒரு கான்ட்ராக்ட் 10 லட்சம் யூரோ என்பதால் பத்து போதும் என்று பலரும் கணக்குப் போடுவார்கள். போதாது. ஒரு கான்ட்ராக்ட் மூன்று மாத வட்டியைத்தான் காக்கிறது, வட்டி 0.01 சதவீதம் அசைந்தால் அதன் மதிப்பு 25 யூரோ மாறும். உங்கள் ஆறு மாதக் கடனிலோ அதே அசைவுக்கு 505 யூரோவுக்கு மேல் மாறும். ஆக இருபது கான்ட்ராக்ட் வேண்டும். மார்ச்சில் முடியும் கான்ட்ராக்ட் பத்து, ஜூனில் முடிவது பத்து என்று பிரித்து இப்போதே விற்று, மார்ச்சில் கடன் வட்டி நிர்ணயமாகும் நாளன்று இருபதையும் திரும்ப வாங்கி முடிக்கலாம். இந்த கான்ட்ராக்ட்கள் அந்தந்த மாதத்தின் மூன்றாம் புதன்கிழமையை ஒட்டி முடிவதால் உங்கள் தேதி நன்றாகவே பொருந்துகிறது. ஏப்ரல் பாதியில் கடன் என்றால் இவ்வளவு சுலபமில்லை.

பொருந்தாத இடம் வேறு. ஆறு மாத யூரிபோரும், மூன்று மாத யூரிபோரை அடுத்தடுத்து இரண்டு முறை கோத்தால் வரும் வட்டியும் ஒன்றல்ல. 2008 நெருக்கடிக்குப் பிறகு இந்த இடைவெளி வெளிப்படையாகவே தெரிகிறது, அதுவும் நிலையாக நிற்பதில்லை. அந்த அசைவை உங்கள் இருபது கான்ட்ராக்ட்கள் காக்காது.

அப்புறம், மார்ஜின் பணம். நான் தயங்குவது இங்கேதான். (வங்கி வட்டியில் சேர்க்கும் மார்ஜின் வேறு, இது வேறு.) ஃபியூச்சர்ஸில் தொடக்க மார்ஜின் என்ற ஈட்டுப் பணம் கட்டியபின் தினமும் லாப நஷ்டம் தீர்க்கப்படும். வட்டி அரை சதவீதம் இறங்கினால் 25,000 யூரோ சில வாரங்களுக்குள் ரொக்கமாக வெளியே போகும். அதற்கு ஈடான லாபம், செப்டம்பரில் கடன் வட்டி கட்டும்போதுதான் தெரியும். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சமமாக இருக்கும், ஆனால் இடையில் ரொக்கத் தட்டுப்பாடு வரும். தினமும் இதைக் கவனிக்கத் தனி ட்ரெஷரி (நிதி நிர்வாக) ஆள் இல்லாத நிறுவனத்துக்கு இது தலைவலி. பதிலுக்கு, இரு தரப்புக்கும் பொறுப்பேற்கும் கிளியரிங் ஹவுஸ் நடுவில் நிற்பதால் எதிர்த்தரப்பு கைவிரிக்கும் பயம் மிகக் குறைவு, நினைத்தபோது வெளியேறலாம். எஃப்.ஆர்.ஏ.வில் வெளியேற வேண்டுமென்றால் பெரும்பாலும் அதே வங்கியிடம்தான் போய் விலை கேட்க வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு கடன், தேதியும் தொகையும் உறுதி என்ற உங்கள் நிலைக்கு நான் எஃப்.ஆர்.ஏ.வையே சொல்வேன். ஃபியூச்சர்ஸ் மலிவு என்பது புரோக்கர் கட்டணத்தை மட்டும் பார்க்கும்போதுதான் உண்மை. கடன் வருமா என்பதே சந்தேகம் என்றால் இரண்டுமே சரிப்படாது: கடன் ரத்தானாலும் ஒப்பந்தம் ரத்தாகாது, வெறும் வட்டிச் சூதாட்டமாக மிஞ்சும். அப்படியானால் உறுதியான பங்குக்கு மட்டும் எஃப்.ஆர்.ஏ. எடுங்கள். மீதிக்கு பிரீமியம் கொடுத்து ஒரு கேப் (வட்டி ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் வித்தியாசத்தைத் தரும் ஒப்பந்தம்) வாங்கலாம்.

இது யூரோவுக்கான பதில். டாலர் கடன் என்றால் விஷயம் மாறிவிடும். டாலர் லைபோர் என்ற பழைய அடிப்படை வட்டிக்கு விவரம் தந்துவந்த வங்கிக் குழு 2023 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் இருக்கும் சோஃபர், ஓர் இரவுக் கடனுக்கான வட்டி. தினமும் கூட்டி, பொதுவாகக் காலம் முடியும்போதுதான் மொத்த வட்டி தெரியும். தொடக்கத்திலேயே தீர்க்கும் எஃப்.ஆர்.ஏ. அதற்கு ஒட்டாது, மூன்று மாத சோஃபர் ஃபியூச்சர்ஸ் அல்லது ஸ்வாப்தான் (மாறும் வட்டியை நிலையான வட்டிக்கு மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) வழி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் பத்திரத்தில் ஒரு விதியைத் தேடுங்கள்: ‘யூரிபோர் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாகவே கொள்ளப்படும்’ என்று இருக்கிறதா? 2015-இலிருந்து 2022 வரை யூரிபோர் பூஜ்யத்துக்குக் கீழேதான் கிடந்தது. கடனில் இந்த விதி இருந்து எஃப்.ஆர்.ஏ.வில் இல்லாவிட்டால், பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொரு இறக்கத்துக்கும் எஃப்.ஆர்.ஏ.வில் நீங்கள் கட்டிக்கொண்டே போவீர்கள், கடன் வட்டியில் அதற்கு ஈடு கிடைக்காது. இன்றைய வட்டியில் அது தூரத்து ஆபத்துதான். ஆனாலும் இரண்டு பத்திரங்களிலும் ஒரே வாசகம் இருக்கச் சொல்லி வங்கியைக் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி ஹெட்ஜ் கணக்கு (கடனையும் அதைக் காக்கும் ஒப்பந்தத்தையும் சேர்த்துக் காட்டும் கணக்கு) வைப்பதாக இருந்தால், எந்தக் கடனுக்கு எந்த ஒப்பந்தம் என்ற ஆவணத்தைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லி உங்கள் கணக்காளரிடம் சொல்லுங்கள். பிறகு பின்தேதியிட்டுச் சேர்க்க முடியாது.