கியர் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டும் சென்ட்ரல் லாக்கும் வெளியே வாங்கிப் பொருத்தலாமா?

சித்திரை வெயிலில் நின்ற கார், ஏறுமுன்பே ஏசி ஓடிக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று காரைக்குடியில் இருந்துகொண்டு ஆசைப்படுவது நியாயமே. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் ஒரே தரத்து வேலைகள் அல்ல.

சென்ட்ரல் லாக் எளிது. ஓட்டுநர் கதவில் ஐந்து வயர் கொண்ட மோட்டாரும், மற்றக் கதவுகளில் இரண்டு வயர் மோட்டார்களும் பூட்டுக்கம்பியோடு இணைக்கப்படும். கவனிக்க வேண்டிய இடம் கதவின் கீல் பக்கம்: வயரை ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, கதவை முழுதாகத் திறந்தாலும் இழுபடாத அளவு தளர்வு விடாவிட்டால், திறந்து மூடும்போதெல்லாம் தேய்ந்து, ஒருநாள் தகட்டில் பட்டு ஃபியூஸ் போய்விடும்.

ரிமோட் ஸ்டார்ட் அப்படியல்ல. இறக்கத்தில் வண்டி உருளாதிருக்க முதல் கியரில் விட்டு நிறுத்துவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்த நிலையில் வெளியிலிருந்து ஸ்டார்ட் செய்தால் வண்டி துள்ளி முன்னே பாயும், முன்னால் நிற்பது சுவரா குழந்தையா என்று அதற்குத் தெரியாது. நியூட்ரலையும் கைபிரேக்கையும் உறுதிசெய்யும் இணைப்பு இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.

சாவியில் இம்மொபிலைசர் சிப் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) இருந்தால், ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் தடையைத் தாண்டவைக்கும் தனி பைபாஸ் மாட்யூல் வேண்டும். சில கடைகளில் செய்வதுபோல் மாற்றுச்சாவியையே டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைப்பது, திருட்டுத் தடுப்பை நாமே கழற்றிப் போடுவதற்குச் சமம். வாரண்டி இருக்கிறதென்றால், வயரை வெட்டுமுன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். முகப்பை ஒட்டிய மூடிய ஷெட்டில் வண்டியை நிறுத்துபவர்கள் ரிமோட் ஸ்டார்ட்டைப் பயன்படுத்தவே கூடாது. இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.