மூக்குக்காரர் ஒருவரா, இருவரா?

இசைக் கேள்வி – பதில்

போன வாரம் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்து 'டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்' ராப் குழுவைப் பற்றி நான்கு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. எனக்கு மிகவும் பிடித்த குழு என்பதால் இந்த வாரப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அவர்களின் 'தி ஹம்ப்டி டான்ஸ்' பாட்டு வீடியோவில் பெரிய மூக்கு வைத்துக்கொண்டு பாடுபவரும் குழுத் தலைவர் ஷாக் ஜியும் ஒரே ஆளா? இருவரும் அதில் தனித்தனியாக வருகிறார்களே? விடுதியில் இதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.
– கல்லூரி மாணவர், கோவை

ஒரே ஆள்தான். இயற்பெயர் கிரெகரி ஜேக்கப்ஸ். 1963இல் நியூயார்க்கில் பிறந்து, புளோரிடாவின் டாம்பா நகரில் இளமையைக் கழித்து, பிறகு கலிஃபோர்னியாவுக்குப் போய் 1987இல் நண்பர்களோடு இந்தக் குழுவைத் தொடங்கியவர். 'ஷாக் ஜி' என்ற பெயரில் பாடும்போது நிதானமான, அமைதியான குரல். பழுப்பு மூக்கு ஒட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டால் 'ஹம்ப்டி ஹம்ப்'. குரல் முழுவதும் மூக்கிலிருந்து வரும். நடை, தோள், வாய்க்கொழுப்பு எல்லாமே வேறு.

இதற்கு ஒரு பூர்வ கதையும் எழுதி வைத்தார்கள். ஹம்ப்டியின் உண்மைப் பெயர் எட்வர்ட் எலிங்டன் ஹம்ஃப்ரி. அந்தப் பெயரில் அவர் மூன்றாமவர். ஒரு காலத்தில் நேர்த்தியான பாடகர். 1985இல் சமையலறையில் கொதிக்கும் எண்ணெயால் மூக்கு வெந்துபோனது. அன்றிலிருந்து பொய் மூக்கு. இத்தனை விவரம் இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ரசிகர்கள் பலர் இவர்கள் இரண்டு பேர் என்றே நம்பினார்கள்.

மேடையில்தான் உண்மையான வித்தை. ஷாக் ஜி பாதியில் உள்ளே போவார், மூக்கோடு ஹம்ப்டி வெளியே வருவார். சில சமயம் தன் சாயலுள்ள ஒருவருக்கு வேடம் போட்டு நிறுத்திவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் மேடையில் நிற்பார்கள். உங்கள் விடுதியில் தோற்ற கட்சிக்கு என் அனுதாபம். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் அந்தக் கட்சிதான்.

வேடத்தையும் கோமாளித்தனத்தையும் எடுத்துவிட்டால் இந்தக் குழுவில் இசை என்று ஏதாவது மிஞ்சுமா?
– வாசகர், மதுரை

மதுரைக்காரர் இப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாடகத்துப் பபூனைப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா? தாளமும் குரலும் கைவசம் இல்லாத பபூன் ஒரு இரவாவது தாங்குவாரா?

என் கதையைச் சொல்கிறேன். வளைகுடாவில் வேலை பார்த்த மாமா 1991இல் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு கேசட் இருந்தது. உறையில் எழுத்து மங்கிப்போயிருந்தது. நான் அப்போது கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தேன். 'தி ஹம்ப்டி டான்ஸ்' பாட்டின் பேஸ் இசையை, அதாவது அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுரங்களை, வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சுரங்கள் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டன. பாட்டு கிடைக்கவில்லை. அதே சுரங்கள், அதே வேகம், ஆனால் என் கையில் உயிரே இல்லை.

ஒரு வாரம் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. இந்தப் பாட்டுக்கு அடிப்படை ஃபங்க், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்ட இசை. அதில் சமம்தான் எல்லாம். நம் தாளத்தில் சமத்தில் வந்து விழுகிற அடிக்கு என்ன கனம் உண்டோ, அந்தக் கனம் ஒவ்வொரு சுற்றின் முதல் அடிக்கும் வேண்டும். ஃபங்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரர்களிடம் விடாமல் வற்புறுத்தியது இதைத்தான். முதல் அடியைத் தூணைப் போல் நட்டுவிட்டால், அதன் பிறகு சற்றுத் தளர்ந்து, வழுக்கி, தாமதித்து எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். நானோ எல்லா அடிகளையும் ஒரே கனத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டில் பேஸ் கீழே தடிமனாக நிற்கிறது. ஹம்ப்டியின் மூக்குக்குரல் மேலே, அவசரமே இல்லாமல், இம்மி பின்தங்கி வருகிறது. அந்த இம்மியில்தான் சிரிப்பு இருக்கிறது. தாளம் பிசகாமல் தாளத்தோடு விளையாடுவது எவ்வளவு கடினம் என்று எந்த மிருதங்கக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஷாக் ஜி பியானோவைத் தானே கற்றுக்கொண்டு வாசித்தவர். அதற்கும் 'பியானோ மேன்' என்று தனியாக ஒரு வேடம். ஆல்பங்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்ததும் அவரே. பாட்டு, பியானோ, படம், வேடம் நான்கும் ஒரே கையிலிருந்து வந்தவை. எதை எடுத்துவிட்டு எதைத் தேடுவது?

பழைய பாட்டுகளிலிருந்து துண்டு வெட்டி ஒட்டுவதைச் 'சாம்பிளிங்' என்கிறார்கள். நேர்மையாகச் சொல்லுங்கள், இது திருட்டுதானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

சொல்லாமல், பணம் கொடுக்காமல் எடுத்தால் திருட்டுதான் ஐயா. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அனுமதி வாங்காமல் எடுப்பது அந்தத் துறையில் பெரிய ஆபத்தாகிவிட்டது.

ஆனால் இவர்கள் எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். 'தி ஹம்ப்டி டான்ஸ்' பாட்டின் டிரம்ஸ் 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்' என்ற குழு 1968இல் வாசித்தது. பேஸ் வந்த இடம், ஃபங்க் இசைக்காரர் ஜார்ஜ் கிளின்டனின் 'பார்லிமென்ட்' குழு 1980இல் வெளியிட்ட 'டிராம்பிபுலேஷன்' ஆல்பம். அந்தக் குழு எழுபதுகளில் விண்கலத்தை மேடையில் இறக்கி, அதிலிருந்து கிளின்டன் இறங்கிவர, நாடகம் போலவே கச்சேரி நடத்தியது. அவர்களுடைய கதைகளில் 'சர் நோஸ்' என்று ஒரு பாத்திரம் உண்டு. 'நோஸ்' என்றால் மூக்கு. ஆடவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவன். 'டிராம்பிபுலேஷன்' அவனைச் சுற்றியே போகிறது. அந்த மூக்கனின் ஆல்பத்திலிருந்து பேஸை எடுத்து, எல்லாரையும் ஆடச் சொல்கிற இன்னொரு மூக்கனின் வாயில் பாட்டைக் கொடுத்திருக்கிறார் ஷாக் ஜி. ஒருவர் ஆடுவதைப் போல இன்னொருவர் ஆட வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பாட்டு சொல்லும் சேதி. முன்னோர் விட்ட கதையைப் பேரன் எடுத்து நடத்துவதை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன்.

1991இல் வந்த இவர்களின் அடுத்த ஆல்பத்தின் பெயரே 'சன்ஸ் ஆஃப் தி பி'. 'பி'யின் பிள்ளைகள் என்று பொருள். 'பி' என்றால் கிளின்டனின் இசைக்கு வழங்கும் பெயரான பி-ஃபங்க். அந்தப் பெயர்ப் பாட்டில் கிளின்டனே வந்து பாடியிருக்கிறார். பின்னால் 'ஹம்ப்டி டான்ஸ்' பாட்டையே ஏராளமானோர் வெட்டி எடுக்கத் தொடங்கியபோது, அவர்களுக்கெல்லாம் விருது கொடுப்பது போல 1993இல் ஒரு பாட்டு போட்டார்கள். தன்னிடம் எடுத்தவரை இப்படிக் கொண்டாடிய வேறு குழுவை நான் பார்த்ததில்லை.

கிளின்டன் தன் பாடல்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார். அதுதான் என்னை உறுத்துகிறது. துண்டு எடுத்தவர்களைவிட, உரிமைப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவர்களால்தான் படைத்தவர்களுக்கு இழப்பு அதிகம்.

பத்து வயது மகன் ராப் கேட்கிறான். இவர்கள் பாட்டைக் கொடுக்கலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

வேண்டாம் அம்மா. பல பாட்டுகளில் படுக்கையறைப் பேச்சு நிறைய. ஏழெட்டு வருடம் காத்திருக்கட்டும்.

பிரபல ராப் பாடகர் டூபாக் ஷகூர் இந்தக் குழுவில் சாமான் தூக்கியவர் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

உண்மை. 1990இல் அவர்களோடு ஊர் ஊராகப் போனார். மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொண்டார், பின்னால் நின்று ஆடினார். 1991இல் வந்த 'சேம் சாங்' பாட்டில் அவருக்கென்று சில வரிகள் கொடுத்தார்கள். உலகம் அவர் குரலை முதலில் கேட்டது அதில்தான். அதன் வீடியோவில் அவர் ஆப்பிரிக்க அரசரின் உடையில் பல்லக்கில் வருவார். நேற்றுவரை பெட்டி தூக்கிய பையனை மற்றவர்கள் தூக்கி வருகிற அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது.

டூபாக் தனியாகப் போன பிறகும் ஷாக் ஜி கைவிடவில்லை. 1993இல் டூபாக்கைப் பரவலாகக் கொண்டுசேர்த்த 'ஐ கெட் அரவுண்ட்' பாட்டுக்கு இசையமைத்தவர் அவர்தான். அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டின் முதல் நூறில் அது 11ஆம் இடம் வரை போனது. 'தி ஹம்ப்டி டான்ஸ்' எட்டியதும் அதே 11தான்.

ஷாக் ஜி இப்போது என்ன செய்கிறார்?
– வாசகி, புதுச்சேரி

இல்லை. 2021 ஏப்ரல் 22 அன்று டாம்பாவில், ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 57. போதைப் பொருள்களும் மதுவும் சேர்ந்து தற்செயலாக நேர்ந்த மரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தது. செய்தி வந்த அன்று நான் வகுப்பு எடுக்கவில்லை.

ஒரே ஒரு பாட்டு கேட்க நேரமிருக்கிறது. எது?
– வாசகர், தஞ்சாவூர்

1989இல் வந்த 'டூவாட்சாலைக்'. ஹம்ப்டி முதலில் தலைகாட்டிய பாட்டு. சுருக்கிய வடிவம் வேண்டாம், ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் நீண்ட வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். பேச்சும் சிரிப்பும் கூச்சலுமாகப் போகும். முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பியானோ வரும்.