ஹைட்ரோஜெல், ஆர்என்ஏ, டேட்டா: கேள்வி பதில்

கேள்வி: ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி) ஹைட்ரோஜெல்லில் வளர்த்த செல்களிலிருந்து ஆர்என்ஏ எடுத்தேன். புரதக் கலப்பைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.9 வருகிறது, ஆனால் உப்பு, சர்க்கரைக் கலப்பைக் காட்டும் 260/230 வெறும் 0.6. கிட் சரியில்லையா?

பதில்: கிட்டைத் திட்டாதீர்கள் மேடம், ஆல்ஜினேட்டும் கூடவே வந்திருக்கிறது. அதுவும் ஆர்என்ஏ மாதிரியே எதிர்மின் சுமை கொண்டது. ஆல்கஹால் ஊற்றினால் சேர்ந்து படியும், கிட்டின் வடிகட்டும் குழாயையும் (column) அடைக்கும். முதலில் ஜெல்லைக் கரையுங்கள்: 55 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட், 5 முதல் 10 நிமிடம். சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கியதும் ஜெல் தளர்ந்துவிடும். மெதுவாகச் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, செல்களை ஒருமுறை கழுவிவிட்டு, செல்களை உடைத்து ஆர்என்ஏவைப் பிரிக்கும் ட்ரைசால் சேருங்கள்.

அந்தப் பத்து நிமிடத்திலேயே சில ஜீன்களின் அளவு மாறிவிடும். அதனால் பிளேட்டில் வளர்ந்த கன்ட்ரோல் செல்களையும் அதே நேரம் சிட்ரேட்டில் வையுங்கள். இதற்குப் பிறகும் 260/230 சரியாகவில்லை என்றால் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ட்ரைசால், கிட்டிலிருந்து வந்த குவானிடின் உப்பு. வாஷ் பஃபரில் இன்னொரு முறை கழுவினால் போகும். அளவுக்கு, ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோட்ராப்பை நம்பாமல், ஆர்என்ஏவோடு ஒட்டும் சாயத்தால் அளக்கும் க்யூபிட்டில் பாருங்கள். முக்கியமாக, கன்ட்ரோலையும் ஜெல்லையும் ஒரே நாளில் எடுங்கள்.

கேள்வி: டேட்டாவை அலசக் கற்க வேண்டிய நிரல்மொழி பைதானா, ஆர்-ஆ?

பதில்: ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று ஆர்என்ஏவை எண்ணிப் பார்ப்பது) புள்ளியியலுக்கு ஆர்; டிஇசீக்2, எட்ஜ்ஆர் என்ற இரண்டு தொகுப்புகளும் அதில்தான் இருக்கின்றன. கோப்புகளைப் பிரித்து மேய பைதான். இரண்டுக்கும் முன்னால் லினக்ஸ் கமாண்ட் லைன்.

கேள்வி: பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்) ஸ்கேஃபோல்டை, அதாவது செல் வளரும் சாரத்தை, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் வைத்தேன், சுருண்டு கட்டியாகிவிட்டது.

பதில்: பிசிஎல் சுமார் 60 டிகிரியிலேயே உருகும், ஆட்டோகிளேவோ 121 டிகிரி. செல் கல்ச்சருக்கு 70% எத்தனாலில் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் போதும். ஆனால் எத்தனால் ஸ்போர்களைக் கொல்லாது. விலங்கில் பொருத்துவதென்றால் எத்திலீன் ஆக்சைடு அல்லது காமா கதிர். காமா கொடுத்தால் மூலக்கூறு எடை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கன்ட்ரோல் எல்லாம் ஜனவரியில், ஸ்கேஃபோல்ட் சாம்பிள் எல்லாம் ஏப்ரலில் சீக்வென்ஸ் செய்தோம். பேட்ச் (தனித்தனித் தொகுதியாகச் செய்ததால் வரும்) வித்தியாசத்தைத் துடைக்கும் காம்பேட் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது.

கேள்வி (அவரே): எத்தனையோ கட்டுரைகளில் போடுகிறார்களே சார்? போட்டதும், சாம்பிள்களின் ஒற்றுமையைக் காட்டும் பிசிஏ படத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

பதில்: கலந்ததுதான் ஆபத்து. உங்கள் அட்டவணையில் பேட்ச் என்ற பத்தியும் ட்ரீட்மென்ட் என்ற பத்தியும் ஒன்றேதான். எது மாதத்தால் வந்த வித்தியாசம், எது ஸ்கேஃபோல்டால் வந்தது என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. பேட்சைத் துடைத்தால் நீங்கள் தேடிய விளைவும் சேர்ந்து போய்விடும். இரண்டையும் டிஇசீக்2-இல் கொடுத்தால் மாடல் மேட்ரிக்ஸ் ஃபுல் ரேங்க் இல்லை (இரண்டு பத்தியும் ஒன்றையே சொல்கின்றன) என்று கத்தும். அது பிழைச்செய்தி இல்லை, உங்கள் டிசைனைப் பற்றிய விமர்சனம்.

கேள்வி (வேறொருவர்): எப்போதும் ஒரே அளவில் இயங்குவதாகக் கருதும் ஹவுஸ்கீப்பிங் ஜீன்களை வைத்துச் சரிக்கட்டலாமே?

பதில்: எந்த ஜீன்? அடித்தளத்தின் இறுக்கம் மாறினாலே ஆக்டின் மாறும். ஜெல்லின் நடுவில் ஆக்சிஜன் குறைந்தால் ஜிஏபிடிஹெச்சும் ஏறும். மாறுகிற அளவுகோலால் என்னத்தை அளப்பது? மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் ஆர்என்ஏ மிச்சம் இருந்தால் இரண்டு குழுவுக்கும் சேர்த்துப் புதிதாக லைப்ரரி (சீக்வென்ஸ் செய்யத் தயாரான டிஎன்ஏ துண்டுகள்) செய்து, சீக்வென்சரின் ஒரே லேனில் ஓட்டுங்கள். சீக்வென்சிங் பேட்ச் பிரச்சினை தீரும். கல்ச்சரே தனித்தனி மாதம் என்றால் அது தீராது. கன்ட்ரோலையும் ஸ்கேஃபோல்டையும் சேர்த்து மறுபடி வளர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: டிபிஎம் (ஜீன் நீளத்துக்கும் மொத்த அளவுக்கும் சரிசெய்த) மதிப்புகளை முழு எண்ணாக்கி டிஇசீக்2-க்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மூல கவுன்ட் (ஒவ்வொரு ஜீனுக்கும் எண்ணிய துண்டுகள்) கொடுங்கள். ஜீன் அளவைக் கணக்கிடும் சால்மன் மென்பொருளின் வெளியீடு என்றால் டிஎக்ஸ்இம்போர்ட் என்ற ஆர் தொகுப்பு வழியாக.

கேள்வி: எக்செல் ஒரு ஜீன் பெயரைச் செப்டம்பர் 2 என்று மாற்றிவிட்டது!

பதில்: அது செப்ட்2. இந்தத் தொல்லையால்தான் அதைச் செப்டின்2 என்றே பெயர் மாற்றினார்கள். பழைய அனோட்டேஷனில் (ஜீன் பட்டியலில்) பழைய பெயர் இருக்கும். அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்து இறக்குங்கள், பக்கத்தில் என்செம்பிள் தரவுத்தளத்தின் ஜீன் எண்ணும் இருக்கட்டும்.

கேள்வி: பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்குப் பைதான் நல்லதா, ஆர் நல்லதா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: செல் பயாலஜி படித்தேன். ஜீனோமிக்ஸும் பயோமெட்டீரியலும் சேர்ந்த ஆய்வுக்குப் போக எதைக் காட்ட வேண்டும்?

பதில்: சான்றிதழ் குவிக்காதீர்கள். ஜிஇஓ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஸ்கேஃபோல்ட் சார்ந்த ஒரு டேட்டாவை இறக்கி, கட்டுரையில் உள்ள ஒரு படத்தை மூல கோப்பிலிருந்து நீங்களே வரவழையுங்கள். மென்பொருள் பதிப்பு எண்களோடு கோடைக் கிட்ஹப்பில் வையுங்கள். மெட்டீரியல் பக்கம் ரியாலஜி (பொருள் எப்படி ஓடும், வளையும் என்ற அளவீடு) வரைபடத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே பிளேட்டில் மூன்று வெல் (குழி), அதாவது மூன்று ரெப்ளிகேட் சரிதானே?

பதில்: டெக்னிக்கல் ரெப்ளிகேட், அதாவது ஒரே வளர்ப்பின் மறு அளவீடு. பயலாஜிக்கல் கணக்கில் ஒன்றுதான்.

கேள்வி: கன்ட்ரோல் தனி மாதம்தான், ஆனால் நாங்கள் லிம்மா என்ற ஆர் தொகுப்பைப் பயன்படுத்துகிறோம்...

பதில்: லிம்மாவும் அதே கணக்கைத்தான் போடும். ஃப்ரீசரில் ஆர்என்ஏ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வீர்களா?

பதில்: மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள். அது என் வேலை இல்லை.